தலையாட்டியது போதும்!

டாக்டர் ஏதோ சொன்னார். நீ தலையாட்டினாய்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடி. இது அப்புறம். இது ராத்திரி மட்டும். ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாத்துட்டு வாங்க. புரிஞ்சுதா?"

"சரிங்க சார்" என்றாய்.

புரிந்ததா?

உண்மையைச் சொல்! வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் சீட்டை நீட்டி, "இது எதுக்குங்க எழுதியிருக்காரு?" என்று கேட்டது நீதானே?

கேட்க வேண்டியவர் உள்ளே இருந்தார். அவர் முன்னால் உன் வாய் ஏன் ஒட்டிக்கொண்டது?

வயதில் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒருமையில்தான் பேசப் போகிறேன். பதமாகச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரைப் பறிகொடுத்தாயிற்று. இனி உரக்கச் சொல்ல வேண்டியதுதான்.

உன் உடம்பு! உன் ரத்தம்! உன் மாத்திரை! அதைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியலாம், உனக்கு மட்டும் தெரியக் கூடாதா?

என்ன சாக்கு வைத்திருக்கிறாய்? எடு வெளியே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எனக்குப் படிப்பு இல்லைங்க."

தெரியும். இதைத்தான் முதலில் எடுப்பாய். இந்தக் கட்டுரையைக்கூட உன் மகளோ பேரனோ உனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். காட்டட்டும். காது இருக்கிறதல்லவா? கேள்.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்று ஒரு மாவட்டம். காடும் மலையும். பழங்குடி ஊர்கள். 1986-ல் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அங்கே வேலையைத் தொடங்கினார்கள். குழந்தைகள் நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்தன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் மூச்சு நின்றுவிடும்.

நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். குழந்தையின் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை ஒரு நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ விட்டால் ஆபத்து.

யார் எண்ணுவது? ஊரில் இருந்தது மருத்துவச்சி மட்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணவும் வராது.

"இவளால் ஆகாது" என்று கைகழுவினார்களா? இல்லை!

ஒரு சின்னக் கருவி செய்தார்கள். ஒரு நிமிடம் ஓடுகிற மணல் கடிகாரம். பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். மணலைக் கவிழ்த்துவிட வேண்டும். குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பத்து மூச்சு எண்ண வேண்டும். ஒரு மணியைத் தள்ள வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து பத்து. மறுபடி ஒரு மணி. கடைசி மணி சிவப்பு. மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டதா? நிமோனியா! மருந்தை எடு!

அவ்வளவுதான். பத்து வரை எண்ணத் தெரிந்த கை, டாக்டர் செய்யும் வேலையைச் செய்தது.

அங்கேயே நின்றார்களா? கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தைகளின் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் இது 'லான்செட்' மருத்துவ இதழில் அச்சாக, உலகமே திரும்பிப் பார்த்தது.

இப்போது சொல். படிப்பில்லையா உனக்கு?

கந்துவட்டிக் கணக்கை மனசுக்குள்ளேயே போடுகிறாய். வயலுக்கு எத்தனை சால் ஓட்டினான் என்று டிராக்டர்காரனிடம் சண்டை பிடிக்கிறாய். சீட்டுக் கட்டியதில் தள்ளு எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று பைசா பிசகாமல் சொல்கிறாய். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எதற்கு எது என்ற கணக்கு மட்டும் உன் மண்டையில் ஏறாதா?

ஏறும். நீ ஏற்றவில்லை!

நம் புதுக்கோட்டையைப் பார். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைத்த பெண்களும் வயலில் குனிந்து நட்ட பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஊர் சிரித்தது. ஆம்பிளைகள் திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசினார்கள். பெண்கள் விழுந்தார்கள், முட்டி பெயர்ந்தது, எழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். ஆயிரக்கணக்கில் ஏறினார்கள்!

நாற்பது வயதில் சைக்கிள் பழகியவள் உன் ஊர்ப் பக்கத்துப் பெண். உனக்கு மட்டும் கற்கும் வயது போய்விட்டதா?

அடுத்த சாக்கு. "கேட்டா டாக்டர் திட்டுவாருங்க."

ஆகா! இதற்குத்தான் காத்திருந்தேன்.

சந்தையில் ஒரு மாடு வாங்கப் போகிறாய். என்ன செய்வாய்? வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாய். சுழி பார்ப்பாய். நடக்கவிட்டுப் பார்ப்பாய். எத்தனை ஈத்து, கறவை எவ்வளவு, உதைக்குமா, கன்று எங்கே என்று கேட்டுக் கேட்டு விற்பவனை வியர்க்க வைப்பாய். கடைசியில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்துப் பேரம் வேறு!

அந்த வாய், சொந்த உடம்புக்காக நான்கு கேள்வி கேட்கக் கூசுகிறதா?

எனக்கு என்ன நோய்? இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாளைக்கு? என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும்?

கேட்டுவிட்டு நீயே திரும்பச் சொல்: "நீங்க சொன்னதை ஒருதரம் சொல்றேன், சரியான்னு பாருங்க சார்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. நல்ல டாக்டருக்கு இது பிடிக்காமல் போகாது. வெளியே நூறு பேர் நிற்கும்போது சிலர் சிடுசிடுக்கலாம். மறுக்கவில்லை. அவர்களும் மனிதர்கள்தான், காலையிலிருந்து ஒரு டீ குடித்திருக்க மாட்டார்கள். அதற்காக? மருந்து கொடுக்கும் இடத்தில் கேள். நர்ஸம்மாவிடம் கேள். ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரை நிறுத்திக் கேள். யாரும் இல்லையா? 104-ஐக் கூப்பிடு. அரசாங்கத்தின் மருத்துவ ஆலோசனை எண். காசு கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள்.

திட்டு வாங்கினால் என்ன ஆகும்? ஒரு நிமிடம் முகம் சுருங்கும். மாத்திரையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ராத்திரி மாத்திரையைக் காலையில் போட்டு, ஒரு வேளையை இரண்டு வேளையாக்கி, களத்துமேட்டில் மயங்கி விழுந்தவர்களை உனக்கே தெரியும். எதற்குப் பயப்பட வேண்டும்? நீயே சொல்!

சரி, ஒரு கேள்வி. உனக்குச் சுகர் எவ்வளவு?

"கொஞ்சம் இருக்குங்க."

கொஞ்சம் என்றால்? நெல் எத்தனை மூட்டை என்றால் 'கொஞ்சம்' என்பாயா?

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவே இருந்தால் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று அர்த்தம். 'மூணு மாச சுகர்' என்று ஒன்று எடுக்கிறார்களே, அது 6.5-ஐ எட்டினாலும் நோய்தான். பிரஷர் 140-க்கு 90-ஐத் தாண்டி நின்றால் ரத்தக்கொதிப்பு.

இந்த மூன்று எண்களும் உனக்குத் தலைகீழாகத் தெரிய வேண்டும். ரேஷன் கார்டு எண்ணை மறந்தாலும் இவை மறக்கக் கூடாது.

நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அதை முன்னின்று நடத்தியது சென்னை நிறுவனம் ஒன்றுதான். இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நோயின் வாசலில் நிற்கிறார்கள்! பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்ற கதையெல்லாம் முடிந்துபோயிற்று. களை வெட்டும் கைக்கும் வரும்.

வந்தால் என்ன செய்கிறாய்? இரண்டு மாதம் மாத்திரை போடுகிறாய். சுகர் இறங்குகிறது. "நார்மல் ஆயிருச்சு" என்று நிறுத்திவிடுகிறாய்!

மாத்திரை போட்டதால்தானே இறங்கியது? நிறுத்தினால் ஏறாதா?

"ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிரும்னு சொன்னாங்க."

யார் சொன்னது? டீக்கடையில் ஒருவன். அவன் என்ன படித்தான்? கேட்டாயா? டாக்டரிடம் கேட்கப் பயந்த நீ, டீக்கடையில் கேட்டதை மட்டும் வேதமாக எடுத்துக்கொண்டாயே!

கேட்டுக்கொள். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சுகரும் பிரஷரும். சத்தம் போடாமல், வலி காட்டாமல், வருடக்கணக்கில் அரித்துவிடும். அதோடு சேர்ந்து கெடுப்பது எது தெரியுமா? முட்டிவலிக்கு நீ தினமும் விழுங்குகிறாயே, அந்த வலி மாத்திரை! சுகர் மாத்திரைக்குப் பயந்தாய். வலி மாத்திரையைப் பொரிகடலைபோல் மென்றாய்.

எங்கிருந்து வாங்கினாய் அதை? "அண்ணே, மேலுவலிக்கு ரெண்டு செட் குடுங்க."

செட்! நான்கு மாத்திரை. நான்கு நிறம். மருந்துக்கடைக்காரர் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துத் துண்டுக் காகிதத்தில் மடித்துத் தருகிறார். பெயர் இல்லை. தேதி இல்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் உனக்குத் தெரியாது. மறுநாள் வலி பறந்துவிடுகிறது. "கைராசிக்காரர்" என்கிறாய்.

கைராசியா அது? பெயர் தெரியாத ஒன்றை வாயில் போட உனக்கு எங்கிருந்து வந்தது இந்த வீரம்?

இன்று ராத்திரி ஒரு வேலை செய். அலமாரியில், டப்பாவில், மஞ்சப்பையில் கிடக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் கொட்டு. ஒன்றைக் கையில் எடு. திருப்பு. ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதா? டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இதைத் தொடாதே என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு. கோட்டைப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

இன்னும் பார். மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். இரண்டு தேதி. ஒன்று தயாரித்தது, ஒன்று காலாவதி ஆவது. எண் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிடு. அட்டையைக் கிழிக்கும்போது தேதி இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவை. தேதி இல்லாத அரை அட்டைகள் எத்தனை கிடக்கின்றன? எல்லாம் குப்பை.

பாதிக் காய்ச்சலில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக் மிச்சமும் கிடக்கும். போன வருடம் உனக்குக் கொடுத்ததை இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தானம் செய்வாய். செய்யாதே! காசநோய் இருந்தால் இன்னும் கவனி. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். மாத்திரை நிற்கக் கூடாது. குறைந்தது ஆறு மாதம். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பி வரும். சளிப் பரிசோதனையும் மருந்தும் விலையில்லை. இரண்டு வாரம் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாமல் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

"ஊசி போட்டாத்தான் எனக்குக் கேக்கும்" என்பவனுக்கு ஒரே வரி. மாத்திரையில் சரியாகும் நோய்க்கு ஊசி கேட்டு வாங்குகிறவன், காசு கொடுத்துக் குத்து வாங்குகிறான்.

வீட்டு வாசலுக்கே மருந்து வருகிற காலம் இது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கையில் கொண்டுவந்து தருகிறார்கள். 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம். உலகம் பாராட்டிய மாத்திரை உன் வீட்டுப் பரணில் பிரிக்காமல் கிடந்தால் யார் குற்றம்? கொண்டுவரும் பெண்ணிடம் "எனக்குப் போன தடவை எவ்வளவு, இப்போ எவ்வளவு?" என்று என்றாவது கேட்டிருக்கிறாயா?

ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல முடியாது. பாம்புக்கடி.

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோர் கிராமத்தார். உன்னைப் போல் வயலில் நின்றவர்கள். தரையில் படுத்தவர்கள்.

பாம்பு கொன்றதா? பாதி வேளை பாம்பு. மீதி, பாழாய்ப்போன நேரம்!

கயிறு கட்டினார்கள். பிளேடால் கீறினார்கள். வாய் வைத்து உறிஞ்சினார்கள். மந்திரித்தார்கள். வேர் அரைத்துக் கொடுத்தார்கள். விஷம் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்குமா?

இறுக்கிக் கட்டாதே. கீறாதே. ஓடவிடாதே. மெட்டி, மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்று. கடிபட்ட காலை அசையாமல் வை. 108-ஐக் கூப்பிடு. விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போ. அங்கே அது விலையில்லை.

கட்டுவிரியன் கடித்தால் வலிக்கக்கூட வலிக்காது! ராத்திரி தரையில் தூங்கியவன் காலையில் வயிறு வலிக்கிறது என்பான். இமை தானாகச் சரியும். பேச்சு குழறும். "அஜீரணம்" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அடுத்து மூச்சு நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எந்தக் காலேஜுக்குப் போக வேண்டும்?

அந்த விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஊர் ஒதுக்கி வைத்த இருளர்கள்! அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

எந்தப் பட்டத்தைக் காட்டி விமானம் ஏறினார்கள்? தெரிந்ததைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதுவே போதுமாக இருந்தது.

நெஞ்சுவலிக்கு வருவோம். "வாயுப் பிடிச்சிருக்கு" என்கிறாய். எத்தனை வீட்டில் இந்த வாயு ஆளைக் கொண்டுபோயிற்று! ஓமவாட்டர் குடித்து, பூண்டு தின்று, முதுகைத் தட்டிவிட்டு, விடியட்டும் என்று படுத்தவர் விடியலைப் பார்த்தாரா?

நெஞ்சில் பாறை வைத்ததுபோல் அழுத்தம். இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. குப்பென்று வியர்வை. இது வந்தால் விடியக் காத்திருக்காதே! சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே தெரியாமல் வெறும் மூச்சுமுட்டலாகவும் வரலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வாயுவாக இருந்தால் சிரித்துக்கொண்டே திரும்பி வா. "வாயுவுக்குப் போய் ஆம்புலன்ஸ் கூப்பிட்டான்" என்று ஊர் கேலி செய்யுமா? செய்யட்டும். கேலியைக் கேட்க நீ உயிரோடு இருப்பாய்!

பெண்களே, உங்களிடம் இன்னும் கோபமாகப் பேச வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி உண்டு. உனக்கு மட்டும் கஷாயம். மாதக் கணக்கில் உதிரம் போகிறது, சொல்ல வெட்கம். மார்பில் கட்டி, "வலிக்கலையே" என்று விட்டுவிட்டாய். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது! வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும். யாரிடம் வெட்கம்? எதற்கு வெட்கம்?

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தம் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. கர்ப்பிணிக்கு 11. உன் ரத்தம் எத்தனை கிராம்? தெரியாதா?

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனது. பயந்து ஜன்னல் வழியே வீசிவிட்டாய். கறுப்பாகத்தான் போகும்! அது அந்த மாத்திரையின் இயல்பு. டீயோடு சேர்த்துப் போட்டால்தான் கெடுதல், சத்து உடம்பில் ஒட்டாது. இந்த இரண்டு விஷயத்தையும் யாரும் உனக்குச் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கேட்டாயா?

"முயற்சி பண்ணிப் பாத்தேங்க, முடியலை."

இதோ, கடைசிச் சாக்கு வந்துவிட்டது.

பீடியை விட்டாய், பத்தாம் நாள் மறுபடி பற்றவைத்தாய். நடக்கத் தொடங்கினாய், மழை வந்தது, நின்றாய். உப்பைக் குறைத்தாய், கல்யாண வீட்டு ஊறுகாயில் எல்லாம் போயிற்று. சுகர் மறுபடி 240. "நமக்கு விதிச்சது இதுதான்" என்று உட்கார்ந்துவிட்டாய்.

இரண்டு வருடம் மழை பொய்த்தது. விதைநெல்லை விற்றுவிட்டுப் போனாயா? மூன்றாம் வருடமும் ஆடியில் ஏர் பூட்டினாயே! அந்தப் பிடிவாதத்தில் ஒரு கைப்பிடியை உன் உடம்புக்குக் கொடு. விட்டதை மறுபடி பிடி. பத்து நாள் பீடியில்லாமல் இருந்தவனால் பதினோராம் நாளும் இருக்க முடியும்.

கையில் ஒன்றும் இல்லாதபோது என்ன செய்ய முடியும் என்று 1971-ல் ஒருவர் காட்டினார். வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் பன்காவ் என்ற ஊரில் அகதிகள் வந்து குவிந்தார்கள். காலரா! மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் கைவிரித்தாரா?

உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் தண்ணீரில் கலந்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் கொடுத்தார். "குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார். தாய் மகனுக்கு ஊட்டினாள். அண்ணன் தம்பிக்கு ஊட்டினான். அந்த அகதி முகாமில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது!

ஊட்டியது யார்? டாக்டர்களா? வீடு வாசல் இழந்து ஓடிவந்த அகதிகள்!

அந்தக் கரைசலின் வாரிசுதான் இன்றைக்கு உன் அங்கன்வாடியில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் இல்லாத ராத்திரியில்? கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அரை டீஸ்பூன் உப்பு. கலக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தும் கிழவியின் பேச்சைக் கேட்காதே! பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலையும் நிறுத்தாதே. பிள்ளையின் கண் குழிவிழுந்தால், சிறுநீர் நின்றால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், அப்போதே தூக்கிக்கொண்டு ஓடு.

இதை மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சினிமாப் பாட்டைவிடக் குறைவு.

தெரிந்ததை நீ மட்டும் வைத்துக்கொள்ளாதே. நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்காரும்போது சொல். மகளிர் குழுவில் கடன் பேசி முடித்ததும் சொல். பொய் மட்டும்தான் வாட்ஸ்அப்பில் ஊர்ஊராகப் போக வேண்டுமா?

உன் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் எந்தெந்தக் கிழமை வருகிறார்? பாம்புக்கடி மருந்து பக்கத்தில் எங்கே இருக்கிறது? நாய்க்கடி ஊசி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா? குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? குளோரின் போடுகிறார்களா? இதையெல்லாம் கேட்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே உன்னை 'வெளியே போ' என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

கிராம சபை!

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள். ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, கைநாட்டு வைத்தாலும் சரி, உன் கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லலாம்.

அடுத்த கிராம சபை என்றைக்கு என்று இப்போதே நாள்காட்டியில் வட்டம் போடு. பக்கத்து வீட்டில் இருவரைச் சேர்த்துக்கொள். முன்வரிசையில் போய் உட்கார். முதல் கேள்வி உன்னுடையதாக இருக்கட்டும்: "எங்க ஊர்ல பாம்பு கடிச்சா, மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது?"

பதில் வரும்வரை எழுந்திருக்காதே!